‘மரபணு ஊசி’ அப்புறம், முதலில் அப்பாவின் கால்

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோதே எலும்புக்குப் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, தினமும் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் அபிராடெரோன், ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் மாத்திரைகள். ஆறு மாதத்தில், இந்த நோயின் போக்கைக் காட்டும் ரத்த அளவான பி.எஸ்.ஏ. 2-லிருந்து 14 ஆகிவிட்டது. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் மரபணுவைக் குறிவைத்து இந்த நோயை அடியோடு அழித்துவிட்டதாகத் தம்பி ஒரு வீடியோ காட்டினான். அந்த மருந்தை இங்கே வரவழைக்க முடியுமா? பணம் இல்லாததால் அப்பாவைக் கைவிடுகிறோமோ என்று தூக்கமே வரவில்லை.

பதில்: கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், மாம்பழம் கொடுக்கலாமா என்பதற்கும் பேரனை மடியில் உட்காரவைக்கலாமா என்பதற்கும் நடுவில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: “பத்து நாளாக முதுகு வலிக்கிறது என்கிறார், படுத்தால் கூடுகிறது. பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். வயசாகிறது இல்லையா?”

வயசின் மேல் பழி போடாதீர்கள். உங்களை அன்றைக்கே தொலைபேசியில் பிடித்து மருத்துவமனைக்குப் போகச் சொன்னது இந்த வரிக்காகத்தான். இதே நோயோடு வேறு வீடுகளிலும் அப்பாக்கள் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

புராஸ்டேட் புற்றுநோய் பரவும்போது அதிகம் போய் உட்காருகிற இடங்களில் ஒன்று முதுகெலும்பு. அங்கே வளரும் கட்டியோ நொறுங்கிய எலும்போ உள்ளே இருக்கும் தண்டுவடத்தை அழுத்தலாம். படுத்தால், இருமினால், முக்கினால் கூடுகிற முதுகுவலி, படி ஏறும்போது கால் கனப்பது, செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடந்துபோவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது. இதில் எது புதிதாக வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு, முதுகு முழுவதுக்கும் எம்.ஆர்.ஐ. அழுத்தம் இருந்தால் வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டு, கதிர்வீச்சோ அறுவை சிகிச்சையோ செய்வார்கள். தன் காலில் நடந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுக்கச் செயலிழந்த பிறகு தூக்கிவரப்படுகிறவர்களில் மறுபடி எழுந்து நடப்பவர்கள் குறைவு. வியாழக்கிழமை டாக்டர் வருவார், அப்போது காட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சே இதில் கிடையாது. எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் கூட்டிவருவது அதைவிட மோசம். அரித்துப்போன எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துகிற வேலை அது.

இன்னொன்று. ஸ்டீராய்டு உடம்புக்கு ஆகாது என்று சித்தப்பா சொன்னதால் பிரெட்னிசோலோனை மட்டும் நிறுத்திவிட்டீர்களாம். அபிராடெரோனோடு அது துணைக்கு இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து. மருத்துவமனையில் முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் நானே பேசத் தயார்.

சரி, வீடியோவுக்கு வருவோம். அதில் காட்டியது பொய் இல்லை. ஆனால் செத்தது ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றணுக்கள். இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி மூன்று நோயாளிகளின் அணுக்களை வைத்தே நடக்கிறது: எல்.என்.கேப், பி.சி.-3, டி.யு.-145. ஒன்று நிணநீர்க் கணுவிலிருந்தும், ஒன்று எலும்பிலிருந்தும், ஒன்று மூளையிலிருந்தும் 1970-களில் எடுத்தது, இன்றுவரை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவற்றில் பின்னிரண்டும் ஆண் ஹார்மோனைச் சார்ந்தே இல்லை. உங்கள் அப்பாவின் நோய் அந்த ஹார்மோனைச் சார்ந்து வளர்ந்தது. தட்டில் இருக்கும் புற்றணுவைக் கொல்வதும் பெரிய வித்தை இல்லை, டெட்டால் ஊற்றினாலும் சாகும். எலி என்றால்? எலிக்கு இந்த நோய் தானாக வருவதே அபூர்வம். பி.டி.இ.என். போன்ற ஒரு மரபணுவை நீக்கி வரவழைக்கிறார்கள், இல்லையென்றால் மனிதக் கட்டியை அதன் தோலுக்கடியில் நடுகிறார்கள். மரபணுவின் வாயை அடைக்கும் சரக்கைக் கொழுப்புத் துகளில் பொதிந்து ரத்தத்தில் ஏற்றினால், அதில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போய்விடுகிறது. இடுப்பு எலும்பில் இருக்கும் கட்டி தேடிவந்து வாங்கிக்கொள்ளாது.

தம்பிக்கு ஒரு கதை சொல்லுங்கள். கனடாவின் வான்கூவரில் கஸ்டிர்சன் என்று ஒரு மருந்தை உருவாக்கினார்கள். கிளஸ்டெரின் என்ற மரபணுவின் செய்தி புரதமாக மாறுமுன்பே அதைத் தடுப்பது அதன் வேலை. ஆய்வகத்தில் அருமையான முடிவு, எலியிலும் அப்படியே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது: ஆயுள் கூடவில்லை. இந்த மருந்துக்கும் ஒரு காலத்தில் உங்கள் தம்பி பார்த்ததைப் போன்ற உற்சாகமான செய்திகள் வந்திருந்தன.

அப்படியானால் ஆய்வகத்திலிருந்து எதுவுமே வெளியே வரவில்லையா என்றால், வந்திருக்கிறது. 2005-ல் லண்டனிலும் ஷெஃபீல்டிலும் இரண்டு குழுக்கள் ஒரே விஷயத்தைக் கண்டன. நம் அணுக்களில் டி.என்.ஏ. தினமும் அறுந்துகொண்டே இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. ஒரு வழியைப் பார்ப் என்ற நொதி பார்த்துக்கொள்கிறது, இன்னொன்றை பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் கார்ப்பரேஷன் தண்ணீரும் போர் தண்ணீரும் வருகிறது, ஒரு வீட்டில் மட்டும் போர் வறண்டுவிட்டது என்று வையுங்கள். கார்ப்பரேஷன் குழாயை மூடினால் தவிப்பது அந்த ஒரு வீடுதான். பி.ஆர்.சி.ஏ. பழுதான புற்றணு அந்த வீடு. பார்ப்பைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தால் அது சாகிறது, பக்கத்தில் இருக்கும் நல்ல அணு சமாளித்துக்கொள்கிறது.

இப்படி வந்த ஓலபரிப் மாத்திரைக்கு, புராஸ்டேட் புற்றுநோயில் பயன்படுத்த அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது. அபிராடெரோன் போன்ற மாத்திரையை மீறி நோய் வளர்ந்தவர்களில், பி.ஆர்.சி.ஏ. 1, 2, ஏ.டி.எம். ஆகிய மரபணுக்களில் ஏதாவது ஒன்று பழுதானவர்களுக்குக் கொடுத்தபோது, ஆயுளின் நடுமதிப்பு 14.7 மாதத்திலிருந்து 19.1 மாதமாகக் கூடியது. ஏறக்குறைய நான்கரை மாதம் சின்ன விஷயமில்லை. ஆனால் ‘அடியோடு அழிப்பு’ என்று எந்தப் புற்றுநோய் மருத்துவரும் இதைச் சொல்லமாட்டார். பெயரைப் படித்ததுமே தம்பி ஆன்லைனில் விலை தேட ஆரம்பித்திருப்பார். வேண்டாம். பழுது இல்லாதவருக்கு இதைக் கொடுத்தால் மிஞ்சுவது பெரும்பாலும் ரத்தசோகையும் வாந்தியும்தான். சிலருக்கு ரத்தமே ஏற்ற வேண்டிவரும்.

பழுது இருக்கிறதா என்று சோதனை செய்தால்தான் தெரியும். உங்கள் வீட்டில் அதைச் செய்தே ஆகவேண்டிய காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்காமல். அப்பாவின் தங்கை 41 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்திருக்கிறார். “அது வேறு நோய்” என்கிறீர்கள். வேறு நோய்தான், ஆனால் மரபணு ஒன்றாக இருக்கலாம். நோய் பரவிய 692 ஆண்களைப் பரிசோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், 11.8 சதவீதம் பேருக்கு டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் மரபணுக்களில் பிறவியிலேயே பழுது இருந்தது. அதில் அதிகம் பேருக்கு இருந்தது பி.ஆர்.சி.ஏ. 2. அப்பாவுக்கு அது இருந்தால் உங்களுக்கும் தம்பிக்கும் வந்திருக்க ஆளுக்குப் பாதி வாய்ப்பு. அந்தப் பழுதோடு இருக்கும் பெண்களில் ஏறக்குறைய 69 சதவீதம் பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது, சினைப்பைப் புற்றுநோய் 17 சதவீதம் பேருக்கு. பயமுறுத்தச் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் எம்.ஆர்.ஐ., மேமோகிராம் என்று கண்காணிக்க வழி இருக்கிறது, அத்தைக்கு அது கிடைக்கவில்லை. உங்கள் தம்பியும் அப்போது 40 வயதிலிருந்து பி.எஸ்.ஏ. பார்த்துவர வேண்டும்.

சோதனை இரண்டு வகை. ரத்தத்திலோ எச்சிலிலோ பார்ப்பது பிறவிப் பழுதைக் காட்டும். கட்டியின் சதைத் துண்டில் பார்ப்பது நோய்க்குள் மட்டும் உண்டான பழுதையும் காட்டும். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த பயாப்சியின் சதைத் துண்டு பதித்த மெழுகுக் கட்டிகளை அந்த லேப் பத்திரமாக வைத்திருக்கும். ரசீதைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். எலும்பிலிருந்து எடுத்த துண்டு என்றால், அதை மென்மையாக்க அமிலத்தில் ஊறவைத்திருப்பார்கள், டி.என்.ஏ. கெட்டுப்போயிருக்கும். புராஸ்டேட்டிலிருந்தே எடுத்த துண்டைக் கேளுங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைப் பார்க்கலாம்.

மற்றதெல்லாம் ஒரே மூச்சில்: உடம்பு திடீரென்று தகதகப்பது, வியர்ப்பது, மார்பகம் பெருத்து வலிப்பது, எடை கூடுவது எல்லாம் ஹார்மோன் சிகிச்சையின் விளைவு, நோய் முற்றியதன் அடையாளம் இல்லை. பேரன் மடியில் தாராளமாக உட்காரட்டும். மாம்பழம், சர்க்கரை நோய் இல்லையென்றால் கொடுங்கள். சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகும் என்பது வாட்ஸ்அப் வைத்தியம். மஞ்சளில் செய்த மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள், குழம்பில் போடும் மஞ்சள் போதும்.

சோதனையில் பழுது எதுவும் இல்லை என்று வந்தால் கதவு மூடிவிட்டதாக நினைக்காதீர்கள். பி.எஸ்.ஏ. ஏறுவது அபிராடெரோனின் பிடி தளர்கிறது என்பதைக் காட்டுகிறது. அடுத்து டோசிடாக்சல் கீமோ இருக்கிறது; புற்றணுவின் மேல் இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. புரதத்தைத் தேடிப்போகும் லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்துச் சிகிச்சையும் இந்தியாவில் கிடைக்கிறது. எது முதலில் என்பதை எம்.ஆர்.ஐ.யைப் பார்த்துவிட்டு அவருடைய மருத்துவர் முடிவுசெய்வார். எந்த வழியில் போனாலும் மூன்று மாத ஹார்மோன் ஊசி மட்டும் தொடரும். அடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.