ஆய்வேடு எழுதும் ஆசிரியர்களுக்கு: கேள்வி பதில்

எம்.எட்., பிஎச்.டி. படிக்கும் காரைக்குடி வட்டார ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு, ஓய்வு பெற்ற கல்வியியல் பேராசிரியை ஒருவரின் பதில்கள்.

‘சிவகங்கை மாவட்ட மாணவர்களின் கணிதத் திறன்’ என்ற என் தலைப்பை நெறியாளர் திருப்பிவிட்டார். ஏன் மேடம்? (புதுவயல் ஆசிரியை)

மாவட்டம் முழுக்க ஒரே ஆளாக அலைய முடியுமா டீச்சர்? உங்கள் வகுப்பிலேயே தலைப்பு இருக்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதும் பிள்ளைகள் இருப்பார்களே! மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். கவனக்குறைவு இல்லை, முழு எண்ணில் பழகியதை இங்கேயும் செய்கிறார்கள். ‘ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல் பிழைகள்’ என்று சுருக்குங்கள். சிவப்பு மையில் சுழிக்கும் முன் ‘எப்படிப் போட்டாய்?’ என்று கேட்டு, பிள்ளை சொன்னதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். அதுதான் உங்கள் தரவு. தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதி முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஆய்வேட்டில் பிள்ளைகளின் பெயர் வரக்கூடாது.

முந்தைய ஆய்வுகளை ‘இன்னார் இப்படிக் கண்டார்’ என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். போதுமா? (தேவகோட்டை)

போதாது. மொய் நோட்டில் பெயரும் தொகையும் இருப்பது போலத்தான் அது. யாரோடு யார் ஒத்துப்போகிறார், எங்கே முரண்படுகிறார், எதை யாருமே தொடவில்லை என்று பிரித்து எழுதுங்கள். ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முடிவுரையை முதலில் படியுங்கள், நேரம் மிச்சம்.

ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை எத்தனை சதவீதம் வரை இருக்கலாம்?

யூ.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 வரை தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சிலர் சொற்களை மட்டும் மாற்றிப் போட்டு, ஒப்புமை பார்க்கும் மென்பொருளை ஏமாற்றுகிறார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ‘இந்த வரிக்கு என்ன பொருள்?’ என்று கேட்டால் விழிக்கத்தான் வேண்டும்.

எம்.ஃபில். முடித்துவிட்டுப் பிஎச்.டி. போகலாமா?

யூ.ஜி.சி. 2022-லேயே எம்.ஃபில்.லை நிறுத்திவிட்டது தம்பி.

செட்டிநாட்டுப் பள்ளிகளின் வரலாற்றை எழுத ஆசை. ஆவணங்களுக்கு எங்கே போவது? (கானாடுகாத்தான்)

நல்ல ஆசை! கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த பழைய நூல்களும் இதழ்களும் இப்போது சென்னையில், அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. அதற்கு முன் உள்ளூர் வீடுகளில் கேளுங்கள். பழைய கணக்கு நோட்டுகளும் கடிதங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டால், எந்த வீட்டுத் தாள் என்றே தெரியாது. அந்த விவரம் இல்லாத ஆவணத்தை மேற்கோள் காட்ட முடியாது. எனவே படம் எடுக்கும்போதே வீடு, தேதி, காட்டியவர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.