தூரத்தை எப்படி அளப்பது, பறக்கும் நேரம் ஏன் மாறுகிறது? – கேள்வி பதில்

கேள்வி: வணக்கம். ஒரே இரண்டு நகரங்களுக்கு இடையே ஆளுக்கொரு தூரம் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: எந்தத் தூரம் என்று முதலில் பாருங்கள். சாலைத் தூரம் வேறு, பூமியின் பரப்பின்மேல் அளக்கும் மிகக் குறுகிய தூரம் வேறு, விமானம் உண்மையில் பறந்த தூரம் வேறு. அடுத்து அலகு. விமானத் துறையில் கடல் மைல்தான் வழக்கம், அது 1.852 கி.மீ. சாதாரண மைல் 1.609 கி.மீ. இரண்டையும் குழப்பிக்கொண்டால் 5,000 மைலில் 1,200 கி.மீ.க்கு மேல் பிசகிவிடும்.

கேள்வி: வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் போதாதா? விமானங்கள் ஏன் வில்லாக வளைந்து சுற்றிப் போகின்றன?

பதில்: அவை சுற்றவே இல்லை, தட்டையான வரைபடம்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஹெல்சிங்கியும் அலாஸ்காவின் ஆங்கரேஜும் ஏறக்குறைய 60 பாகை வடக்கு அட்சரேகையில், பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. வரைபடத்தில் தெரியும் கோட்டை ஒட்டிப் போனால் சுமார் 9,500 கி.மீ. வட துருவத்தின் பக்கமாகப் போனால் சுமார் 6,500 கி.மீ.தான்! ஒரு பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே துருவத்தின் பக்கம் நகரும். இதற்குப் பெயர் பெருவட்டப் பாதை.

கேள்வி: அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் நானே கணக்கிடலாமா?

பதில்: தாராளமாக. கோளத்தின்மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தரும் ஹாவர்சைன் சூத்திரத்தில் பூமியின் ஆரத்தை 6,371 கி.மீ. என்று போடுங்கள். பூமி துல்லியமான கோளம் அல்ல என்பதால் அரை சதவீதம் வரை பிழை வரலாம்; பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே அல்ல.

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழுதான். பூமி சுழல்வதாலா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. உண்மைக் காரணம், ஏறத்தாழ பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம். 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்த அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மிஞ்சவில்லை. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. எனக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

காற்றை விட்டுவிட்டுத் தோராயமாகப் பார்க்க வேண்டுமா? கி.மீ. கணக்கில் உள்ள தூரத்தை 850ஆல் வகுத்து, விமானம் மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரை மணி சேருங்கள்.

கேள்வி: டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டு, லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள். டோக்கியோ ஒன்பது மணி நேரம் முன்னால். ஆக, புறப்பாடு காலை 8. லாஸ் ஏஞ்சலிஸ் கோடையில் ஏழு மணி நேரம் பின்னால். ஆக, வருகை மாலை 6. பயணம் 10 மணி நேரம். குளிர்காலம் என்றால் ஏழுக்குப் பதில் எட்டு.

கேள்வி: லண்டன்–டோக்கியோ முன்பு சுமார் 12 மணி நேரம். இப்போது 14 என்கிறார்களே?

பதில்: 2022 முதல் பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கின்றன. பெருவட்டப் பாதையோ சைபீரியாவின் மேலேதான் போகிறது. அதனால்தான் நீண்ட பயணங்களுக்குக் கணக்கை மட்டும் நம்பாமல், அண்மையில் அதே தடத்தில் பறந்த விமானங்களின் நேரத்தையும் பாருங்கள் என்கிறேன்.