கடல் விலகிய நேரத்தில்

அன்புள்ள ஐயா,

ஹாம்பர்க்கில் முதுகலை படிக்கிறேன். வந்த நாளிலிருந்து வகுப்பு, நூலகம், அறை என்றே போனது. சென்ற கோடையில் வெளிநாட்டு மாணவர்களுக்கான சுற்றுலா ஒன்றில், பெயர் கொடுத்திருந்த தோழியால் வர முடியாமல் போக, அவள் இடத்தில் நான் போக வேண்டியதாயிற்று. குக்ஸ்ஹாஃபன் கரையிலிருந்து நொய்வெர்க் தீவு வரை, கடல் வற்றியிருக்கும்போது சேற்றில் நடக்கும் பயணம். யாரையும் தெரியாது. வேண்டாவெறுப்பாகத்தான் கிளம்பினேன். ஆனால் இங்கே வந்தபின் நான் அவ்வளவு சிரித்த நாள் வேறில்லை. அது ஏன் என்று விளங்கவில்லை. கல்விக்கடனில் படிக்க வந்தவள் இப்படி ஒரு நாளைக் கழிக்கலாமா என்ற உறுத்தலும் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ர.

அன்புள்ள ர.,

முதலில் வீட்டில் சொல்லுங்கள். மகள் அங்கே பேச ஆளில்லாமல் அறைக்குள் அடைந்து கிடக்கிறாளோ என்பதுதான் பெற்றோரை உள்ளூர அரிக்கும் கவலை. உங்கள் கடிதத்தின் முதல் பாதியை அப்படியே அவர்களுக்கு அனுப்பலாம்.

எதிர்பார்ப்பு இல்லாமல் போனதால்தான் நன்றாக இருந்தது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிர்பார்ப்பில்லாமல் போய்ச் சலித்துத் திரும்பிய சுற்றுலாக்கள் எத்தனையோ உண்டு. உங்கள் நாளை அப்படி ஆக்கியது அந்தக் கடல்தான்.

நானும் அந்த வழியில் நடந்திருக்கிறேன். பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், ஏறத்தாழ மூன்று மணி நேரம். வற்றுப்பெருக்கு நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போவதால், புறப்படும் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்கிறது. அருங்காட்சியகத்துக்கோ நகரம் சுற்றவோ போனால், பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே கூட்டம் மொழிவாரியாகப் பிரிந்துவிடும். இங்கே பிரிய வழியில்லை. தண்ணீர் திரும்புவதற்குள் எல்லோரும் தீவில் இருக்க வேண்டும். ஆகவே எல்லோரும் கடைசி ஆளின் வேகத்தில்தான் நடக்க வேண்டும். ஒருவருடைய காலணி சேற்றில் புதைந்தால் முன்பின் தெரியாத இன்னொருவர் குனிந்து பிடுங்கித் தருகிறார். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் யார் கை என்று பார்க்காமல் பிடித்துக்கொள்கிறோம். எந்த நாடு, என்ன படிப்பு என்ற விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். வெளிநாட்டில் நம்மைச் சோர வைப்பது அந்த விசாரிப்புதான் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நிலமெங்கும் பிழிந்துவிட்டாற்போல் மணற்சுருள்கள் கிடந்தனவே, நினைவிருக்கிறதா? எங்கள் வழிகாட்டி அதில் ஒன்றின் அருகே தோண்டி, விரல் நீளத்துக்குக் கரும்பழுப்பு நிறப் புழு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சுருளாக மேலே தள்ளுகிறது அது. எல்லோரும் தலையோடு தலை முட்ட அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆண்டுதோறும் ஒரு கோடிப் பறவைகளுக்கு மேல் வாடன் கடல் எனப்படும் இந்தச் சேற்றுக் கடலோரத்தில் இறங்கி இரை தேடுகின்றன; அவற்றில் பலவற்றைத் தாங்குவது இப்படிச் சேற்றுக்குள் வாழும் உயிர்கள்தான். 2009இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அன்று அந்தப் புழுவைக் கண்ட வியப்பில் பேராசிரியர், மாணவர் என்ற வேறுபாடுகூட எங்களிடம் இல்லை. அப்படி ஒன்றாக வியந்தவர்கள் மறுநாள் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது.

கடனைப் பற்றி: கடன் வாங்கியவர் பொறுப்பாகப் படிக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வேற்று நாட்டில் மனிதர்களோடு பழகத் தெரிந்துகொள்வதும் நீங்கள் போன காரியத்தில் சேர்ந்ததே. தேர்வுக்கு முன்னால் குறிப்பேடு கேட்கவும், காய்ச்சலில் கிடக்கும்போது கதவைத் தட்டவும் ஆள் கிடைப்பது இப்படிப்பட்ட நாட்களில்தான். அன்று உங்கள் கையைப் பிடித்தவர்களில் யாருடனாவது பிறகு பேசினீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். இல்லையென்றால் இந்த வாரமே பேசுங்கள்.

அடுத்த அறிவிப்பு வந்தால் நீங்களே பெயர் கொடுங்கள். அந்தத் தோழியையும் கூட்டிப் போங்கள். பாதை பழகிவிட்டது என்று வழிகாட்டி இல்லாமல் மட்டும் இறங்கிவிடாதீர்கள். அங்கே தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை; நீங்கள் தாண்டி வந்த வாய்க்கால்கள் முதலில் நிரம்பி, கரைக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். வழியில் உயரமான கம்பங்களின் மேல் கூண்டு கட்டி ஏணி வைத்திருக்கிறார்களே, அது அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான்.