அரியர்ஸ் பணத்தில் கார் எடுக்கலாமா?

கேள்வி: வயது 39. காவேரிப்பட்டணத்தில் சொந்த வீடு, அப்பா அம்மாவோடு இருக்கிறோம். ஓசூரில் வேலை, தினமும் கம்பெனி பஸ். புதிய ஊதிய ஒப்பந்தத்தில் சம்பளம் 9,000 கூடி, பிடித்தம் போக 58,000 வருகிறது. அரியர்ஸ் 2.4 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. போன ஒப்பந்தத்தில் புல்லட் வாங்கினேன், அதற்கு முந்தைய ஒப்பந்தத்தில் பெரிய டிவி. ரெண்டும் மூன்றே மாதத்தில் சலித்துவிட்டன. இப்போது சகலை கார் எடுத்திருக்கிறார். அரியர்ஸை முன்பணமாகக் கட்டி, 10 லட்சம் கடன் போட்டு நானும் எடுக்கலாமா? குடும்பத்தோடு சந்தோஷமாக நாலு இடம் போகலாம். மனைவியின் நகை 1.8 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது, ஒரு ரூபாய் வட்டி. அதைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஏழு வயதில் ஒரு மகள்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 10 லட்சம், ஒன்பதரை சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 16,350. கூடிய சம்பளம் 9,000 அப்படியே போய், மேலே இன்னொரு 7,350 பழைய சம்பளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் தனி. வேலைக்கோ கம்பெனி பஸ்ஸில்தான் போகிறீர்கள். ஆறு நாள் வாசலில் நிற்கப்போகும் வண்டிக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு நாலாயிரம் வீதம் வாடகை கட்டுவதற்குச் சமம் இது. அந்தக் காசில் வாடகைக் கார் பிடித்து ஒகேனக்கல் போய், பரிசலும் ஏறி, மீன் வறுவலும் சாப்பிட்டு வரலாம். ஓட்டுநரும் வருவார்! காரிலேயே வேலைக்குப் போகலாமே என்றும் தோன்றும். போக வர 120 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் மட்டும் நாளைக்கு 800 ரூபாய் ஆகும். கிருஷ்ணகிரி டோல்கேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த மூன்று மாதச் சலிப்பு. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். அது உங்கள் குறை இல்லை. அமெரிக்காவில் 1978-ல் வந்த ஓர் ஆய்வில், லாட்டரியில் பெருந்தொகை விழுந்தவர்களையும் அதே பகுதியில் இருந்த மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். சந்தோஷத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பரோடு பேசுவது, நகைச்சுவை கேட்பது, காலைச் சாப்பாடு மாதிரியான அன்றாட விஷயங்களில் லாட்டரிக்காரர்களுக்குத்தான் ருசி குறைந்திருந்தது. வாங்கிய பொருளுக்கு மனசு சீக்கிரம் பழகிவிடும். சகலையின் காருக்கும் இதே கதிதான், அவர் வெளியே சொல்ல மாட்டார்.

அதற்காகப் பணத்தால் சந்தோஷமே வராது என்று நான் சொல்ல மாட்டேன். வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று 2010-ல் எழுதிய உளவியல் ஆய்வாளர் டேனியல் கானெமனே, 2023-ல் வேறு இருவரோடு சேர்ந்து மறுபடி ஆராய்ந்தார். பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது, ஏற்கெனவே மிகவும் வருத்தத்தில் இருக்கும் ஒரு பகுதியினருக்குத்தான் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. ஆகவே உங்கள் 9,000 ரூபாய்க்கும் வேலை இருக்கிறது. எதில் போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

என் கட்சி, தினமும் உறுத்துவதை முதலில் எடுக்க வேண்டும் என்பது. உங்கள் வீட்டில் அது நகை. மாதம் 1,800 வட்டி ஒரு பக்கம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கவரிங் போட்டுக்கொண்டு போக வேண்டியிருக்குமே உங்கள் மனைவிக்கு, அது இன்னொரு பக்கம். (கார் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள்.) அரியர்ஸில் 1.8 லட்சம் கட்டி நகையை மீட்டுவிடுங்கள். மீதி 60,000 ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கட்டும், அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு சொல்லிக்கொண்டு வராது.

கூடிய 9,000-ல் மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் தொடங்கி 3,000 போடுங்கள். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், பதினைந்து வருடம் கட்ட வேண்டும். இன்னொரு 4,000 கார் கணக்குக்கு, தபால் ஆபீஸ் ஆர்டியில். வட்டி மிச்சமாகும் 1,800-ஐயும் அதிலேயே சேர்த்தால் மூன்று வருடத்தில் அசலே இரண்டு லட்சத்தைத் தாண்டும். அப்போதும் கார் ஆசை இருந்தால் நல்ல பழைய வண்டியாகப் பாருங்கள், நானே சரி என்பேன்.

மீதி 2,000 செலவழிக்கவே. சேர்த்து வைக்காதீர்கள். ஒரு மாதம் ஒகேனக்கல், சீசனில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஒரு மாதம் பெற்றோரோடு கோயில். பெரிதாக ஒன்று வாங்குவதைவிட சின்னதாக அடிக்கடி வரும் சந்தோஷம் சீக்கிரம் சலிக்காது. அடுத்த மாதம் எங்கே போவது என்று மகளை முடிவு செய்யச் சொல்லுங்கள்.

நகையை மீட்கப் போகும்போது அடகு ரசீதையும் ஆதாரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அன்றைய தேதி வரை வட்டி எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். எடையை அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டு நகையை வாங்குங்கள்.