தீக்காயம் ஆறிய பிறகு வீடியோ காலில் டாக்டரைப் பார்த்தால் போதுமா?

கம்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 54 வயது, சுகர் உண்டு. அடுப்படியில் சேலை முந்தானை தீப்பிடித்து, கழுத்து, நெஞ்சின் மேல்பகுதி, இடது தோளிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. சென்னையில் சேர்த்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். புண் கிட்டத்தட்ட ஆறிவிட்டது, வீட்டுக்கும் வந்துவிட்டோம். ஆனால் வாராவாரம் வரச் சொல்கிறார்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது அம்மாவுக்கும் முடியவில்லை, எங்களுக்கும் கட்டுப்படியாகவில்லை. வீடியோ காலில் காட்டினால் ஆகாதா?"

ஆகும். எல்லா வாரமும் அல்ல, ஆனால் நிறைய வாரங்களுக்கு ஆகும். தீக்காய சிகிச்சையில் இருக்கிற எனக்கு இதில் ஒரு கவலை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "புண் ஆறிடுச்சு, இனி எதுக்கு அவ்வளவு தூரம்" என்று வராமல் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் மேல்தோல் மூடிய பிறகுதான் அடியில் தழும்பு தடிக்கவும் சுருங்கவும் ஆரம்பிக்கிறது. கழுத்தும் அக்குளும் முழங்கையும் மடங்குகிற இடங்கள், அங்கே சுருங்கினால் தாடை நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும், கை மேலே போகாது, முழங்கை நீளாது. அப்புறம் அதை விடுவிக்க இன்னொரு ஆபரேஷன். இந்தச் சுருக்கம் ஒரே நாளில் வருவதில்லை, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, அதனால் மாதக்கணக்கில் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீடியோ அதற்குத்தான் நல்ல கருவி.

அடுத்த முறை நேரில் போகும்போதே உங்கள் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: எந்த வாரம் நேரில், எந்த வாரம் வீடியோவில், எந்த நம்பரில், எத்தனை மணிக்கு. இது சட்டத்துக்குப் புறம்பானது என்று யாராவது தயங்கினால், 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல் இதை அனுமதிக்கிறது, வாட்ஸ்அப் வழியாகக்கூட. வீடியோ போதாது, நேரில் வாருங்கள் என்று டாக்டர் சொன்னால் அதை மறுக்காதீர்கள். அரசின் இ-சஞ்சீவனி என்ற இணையவழி மருத்துவ சேவையிலும் டாக்டரிடம் பேசலாம், சளி காய்ச்சலுக்கு அது சரி, ஆனால் தோல் ஒட்டிய ஆபரேஷன் விவரம் தெரிந்த உங்கள் டாக்டருக்கு அது மாற்று ஆகாது.

சரி, வீடியோவில் என்ன காட்டுவது? நிறைய பேர் போனைத் தழும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், திரையில் சிவப்பாக ஒரு மங்கல்தான் தெரியும். அதைவிட, வீடியோ கால் வருவதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, ஃபிளாஷ் போடாமல் மூன்று நான்கு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். ஒன்று தூரத்திலிருந்து, கழுத்து, தோள், கை எல்லாம் சேர்ந்து தெரிகிற மாதிரி. மற்றவை கிட்டத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் காசு வைத்து, அப்போதுதான் அளவு புரியும். வேகாத தோலும் கொஞ்சம் படத்தில் இருக்கட்டும். நம் நிறத்துத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது, போன் கேமராவும் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும், பக்கத்திலேயே நல்ல தோல் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். இன்னும் ஆறாத இடம் இருந்தால் மருந்து போடுவதற்கு முன், சுத்தம் செய்த கையோடு எடுங்கள். வெள்ளை க்ரீம் அப்பிய பிறகு வரும் படத்தில் க்ரீம் மட்டும்தான் இருக்கும்.

வீடியோ நேரத்தை அசைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு, அம்மா முழுதாகத் தெரிகிற தூரத்தில் உட்காரட்டும். வாயை மூடியபடி முகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது கழுத்தில் நாண் மாதிரி ஒரு தழும்புப் பட்டை எழும்பினால் டாக்டருக்கு அது உடனே தெரியும். அடுத்து இடது கையைத் தூக்கிக் காதை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், முழங்கையை முழுக்க நீட்டி மடக்கச் சொல்லுங்கள். தையல்காரர் டேப் ஒன்று வாங்கி, அண்ணாந்து பார்க்கும்போது தாடை நுனியிலிருந்து கழுத்துக் குழி வரை எவ்வளவு என்று வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். போன வாரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், அது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், எங்களுக்கு அது பெரிய செய்தி.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டும் என்றில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள். அந்த பிசியோ வருகிற நேரமாகப் பார்த்து வீடியோ கால் வைத்துக்கொள்ள முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. எவ்வளவு இழுக்கலாம், எங்கே நிறுத்தணும் என்று டாக்டர் சொல்ல, அவர் அங்கேயே கையைப் பிடித்துச் செய்து காட்டுவார். பக்கத்தில், க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் டிரெஸ்ஸிங்குக்கும் அவசரத்துக்கும் உங்களுக்குக் கைகொடுக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

இன்று ராத்திரியிலிருந்தே செய்ய வேண்டியது ஒன்று: அம்மா தலையணை வைத்துப் படுக்கக் கூடாது. தலையணை கழுத்தை மடக்கி வைக்கும், மடங்கிய நிலையிலேயே தழும்பு இறுகிவிடும். துண்டைச் சுருட்டித் தோள்களுக்கு அடியில் வைத்துக் கழுத்து லேசாகப் பின்னால் சாய்கிற மாதிரி படுக்க வையுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், திட்டுவார், பரவாயில்லை.

வீடியோவில் நடக்காதவையும் உண்டு. பிரஷர் கார்மென்ட் எனப்படும் அழுத்த உடைக்கு அளவு எடுப்பது நேரில்தான். அது குளிக்கிற நேரம் போக நாள் முழுக்கப் போட வேண்டிய உடை, இரண்டு மூன்று மாதத்தில் தொளதொளத்துவிடும், அப்போது திரும்ப அளவெடுக்கணும். தழும்பு எவ்வளவு கெட்டி என்பது விரலால் தொட்டால்தான் தெரியும். வாடையை எந்தப் போனும் அனுப்பாது.

அதனால் கெட்ட வாடை, பச்சை நிறச் சீழ், ஆறிய இடம் திரும்ப உடைந்து பெரிதாவது, ஒட்டிய தோல் கறுத்துப்போவது, வலி திடீரென்று கூடுவது, காய்ச்சல், இதில் எது வந்தாலும் வீடியோவுக்காகக் காத்திருக்காதீர்கள், கிளம்பிவிடுங்கள். சுகர் உள்ளவர்களுக்குக் கிருமி ஏறியும் காய்ச்சல் வராமல் போகலாம். காரணமே இல்லாமல் சுகர் எகிறினால் அதையும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் 108-தான். இன்னொரு விஷயம், புதிதாக யாருக்காவது தீப்பட்டால் முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், இங்க் வேண்டாம், அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. முதல் நாள் காயத்தை வீட்டிலிருந்து வீடியோவில் காட்டி முடிவெடுக்க நினைப்பது ஆபத்து, ஏனென்றால் எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்பதைப் படத்தில் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது.

நெஞ்சுப் பகுதிப் படங்கள் என்பதால் டாக்டரின் நம்பருக்கு மட்டும் அனுப்புங்கள், சொந்தக்காரர்கள் குரூப்பில் "எப்படி ஆகிருச்சு பாருங்க" என்று போட வேண்டாம். எடுப்பதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கேட்காமல் எடுக்கிற போட்டோ அவர்களை ரொம்பவே குறுக வைக்கும். ஒவ்வொரு வீடியோ காலிலும் கடைசி ஐந்து நிமிடம் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் எல்லோரும் வெளியே போய்விடுங்கள். அரிப்பில் தூக்கமே இல்லை, கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை, நெருப்பைப் பார்த்தால் உடம்பு நடுங்குகிறது, இதையெல்லாம் மகள் பக்கத்தில் இருக்கும்போது பல அம்மாக்கள் சொல்வதில்லை. வீட்டில் யாரிடமாவது பயம் இருந்தாலும் அப்போதுதான் வெளியே வரும், அதனால் இப்படித் தனியாகப் பேச விடச் சொல்லி எல்லாக் குடும்பத்திடமும் கேட்கிறேன். அரிப்புக்கு மாத்திரை இருக்கிறது, ஆறிய தோலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவிவிடலாம். மனசுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.