பூச்சி மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: வயிற்றில் புழு இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் அவ்வளவாக வராது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. டாக்டர் எழுதித் தந்த பூச்சி மாத்திரையைப் போடாமல் விட்டுவிடவா?

பதில்: போட்டுவிடுங்கள். ஆனால் காணொளியில் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை இல்லை, அதுதான் வேடிக்கை. உடல் பருக்கும்போது கொழுப்புத் திசுவுக்குள் ஒரு மெல்லிய அழற்சி ஓயாமல் புகைந்துகொண்டே இருக்கும். அங்கே குவியும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கிற ரசாயனங்களால், இன்சுலின் சொல்வதை நம் செல்கள் காதில் வாங்காமல் போய்விடும். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். குடலில் புழு குடியேறினால் நோயெதிர்ப்பின் போக்கே மாறுகிறது. ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் பெருகிக் கொழுப்புத் திசு வரை போய், அதே மேக்ரோஃபேஜ்களைச் சாந்தப்படுத்துகின்றன. கொழுப்புத் தீனி தின்ற எலிகளில் 2011-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

சரி, மனிதர்களுக்கு? இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் ஊருக்கே பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகக் கணக்கிட்டால் மாற்றம் இல்லை. ஆனால் உண்மையிலேயே புழு இருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால், மாத்திரைக்குப் பின் இன்சுலின் எதிர்ப்பு கூடியிருந்தது. ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே போய், பருமனான தன்னார்வலர்களின் தோலில் கொக்கிப்புழு லார்வாக்களை (புழுக்குஞ்சுகளை) எண்ணி 20 அல்லது 40 வைத்து உள்ளே விட்டார்கள். 20 வாங்கிக்கொண்டவர்களுக்கு ஓராண்டில் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது என்று 2023-ல் முடிவு வந்தது. வயிற்றுத் தொல்லையும் சிலருக்குக் கூடவே வந்தது. சோதனையில் சேர்ந்தவர்கள் மொத்தமே 40 பேர், அதையும் மனதில் வையுங்கள்.

எண்ணி விட்ட 20 புழு வேறு, எத்தனை இருக்கிறதென்றே தெரியாத வயிறு வேறு. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒன்று குடிப்பது சொற்பம்தான், நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ரத்தசோகை. அப்புறம் இன்னொரு வம்பு: இரும்புச்சத்து குறைந்தால் மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை (எச்பிஏ1சி) உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். சர்க்கரையைக் குறைக்கப் புழுவை வளர்த்து, கடைசியில் ரிப்போர்ட்டையே நம்ப முடியாமல் நிற்பீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் உடல் மெலிய நாடாப்புழு?

பதில்: ஐயோ, வேண்டாம். பன்றி நாடாப்புழுவின் முட்டை வாய்வழி போனால் லார்வா மூளையில் போய்க் கட்டியாக உட்கார்ந்து வலிப்பைக் கொண்டுவரும். புழு சுரக்கும் புரதங்களை மட்டும் பிரித்தெடுத்து மருந்தாக்க ஆய்வகங்களில் முயல்கிறார்கள். அது வரட்டும், அப்போது கேளுங்கள்.