ஒட்டுப்போட்ட கூச்சல்

கேள்வி: அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் ஃபோல்சம் சிறையில் பாடிய 'லைவ்' ஆல்பத்தை ஆகா ஓகோ என்கிறார்கள். கைதிகள் போடும் கூச்சலையே ஸ்டூடியோவில் வைத்து ஒட்டினார்களாமே? போதாக்குறைக்கு, மனிதர் ஒருநாளும் தண்டனைக் கைதியாக இருந்ததில்லையாம். ஊரை ஏமாற்றும் வேலைதானே இது?
– எஸ்.ஆர்., நாகர்கோவில்

பதில்: ஒட்டியது உண்மைதான். முதல் பாட்டிலேயே அந்த இடம் வந்துவிடும். ரீனோ நகரத்தில் ஒருத்தனைச் சுட்டேன், அவன் சாவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சுட்டேன் என்று கேஷ் பாடி முடித்ததும் ஒருவன் குஷியில் கத்துவான். கேட்கிறவனுக்கு முதுகுத்தண்டு சில்லிடும்.

1968 ஜனவரி 13 காலை, கலிபோர்னியாவின் அந்தச் சிறைச் சாப்பாட்டுக் கூடத்தில் அப்படி யாரும் கத்தவில்லை. ஆயுதத்தோடு காவலர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, கொலையைப் பாராட்டிக் கத்தினால் பிறகு என்ன நடக்கும் என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாதா? பாட்டு முடியும்வரை பொறுத்திருந்துதான் கைதட்டினார்கள். கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி ஆட்கள் ஒலிநாடாவை எடுத்துப்போய், பிற்பாடு கூச்சலைச் சேர்த்தார்கள்.

உங்களுக்கு ஏமாந்துவிட்டோமே என்று கோபம். என் கோபம் அந்தக் கைதிகளுக்காக. அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்களை, கொலை என்றதும் துள்ளிக் குதிக்கிற கூட்டமாகச் சித்தரித்துக் கடையில் விற்றார்களே, அதற்கு என்ன பெயர்? வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் ஜூனில் அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் வானொலி நிலையங்கள் இந்தப் பாட்டை நிறுத்திவிட்டன. உடனே கம்பெனி அந்த வரியையே வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மறுபடி அனுப்பியது. கேஷ் ஒப்பவில்லை, யார் கேட்டார்கள்?

உங்கள் குற்றப்பத்திரிகையில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேஷ் மேடைக்கு வந்து தன் பெயரைச் சொல்லும்வரை யாரும் கைதட்டக் கூடாது என்று அறிவிப்பாளர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். ஆக, அந்தப் புகழ்பெற்ற தொடக்க ஆரவாரமும் ஏற்பாடுதான்.

ஏற்பாடு செய்ய முடியாதவையும் அதே இசைத்தட்டில் இருக்கின்றன. சுரங்கத் தொழிலாளியின் சோகப் பாட்டுக்கு நடுவே கேஷுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே, இன்ன எண் கைதி வரவும் என்று ஒலிபெருக்கி கூப்பிடுகிறது. தூக்குமேடைக்குப் போகிறவன் நிமிடம் நிமிடமாக எண்ணிக்கொண்டே போகும் பாட்டைக் கேட்டுக் கைதிகள் சிரிக்கிறார்கள். 1937 வரை 93 பேரைத் தூக்கிலிட்ட சிறை அது. அந்தச் சிரிப்பை எந்த ஸ்டூடியோவிலும் தயாரிக்க முடியாது.

சிறைக்குப் போகாதவர் சிறைப் பாட்டு பாடலாமா என்கிறீர்கள். அரிச்சந்திரன் வேடம் கட்டுகிறவர் சுடுகாட்டில் சம்பளத்துக்கு இருந்திருக்க வேண்டுமா? போதை மாத்திரை, குடி என்று கேஷ் அவ்வப்போது லாக்-அப்பில் ஓர் இரவு கிடந்ததுண்டு, அவ்வளவுதான். அமெரிக்க விமானப்படைச் சிப்பாயாக ஜெர்மனியில் இருந்தபோது ஃபோல்சம் பற்றிய ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ரீனோ வரி வரும் பாட்டையே எழுதினார்.

'எழுதினார்' என்கிறேன், இங்கேதான் நீங்கள் பிடித்திருக்க வேண்டும். 1953இல் இசையமைப்பாளர் கார்டன் ஜென்கின்ஸ் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து மெட்டையும் பல வரிகளையும் அப்படியே தூக்கிக்கொண்டார் கேஷ். ரீனோ வரி அவருடைய சொந்தச் சரக்கு. ரயிலும் ஏக்கமும் ஜென்கின்ஸுடையவை. 1955இல் முதல்முறை பதிவாகி விற்றபோது அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. சிறை ஆல்பம் பிய்த்துக்கொண்டு விற்ற பிறகு, ஜென்கின்ஸுக்கு ஏறக்குறைய 75,000 டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். கூச்சலை ஒட்டியதற்குக் கொதிக்கும் நீங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். அது சிறைக்குள் இருக்கும் தேவாலயத்தைப் பற்றியது. ஆயுதக் கொள்ளைக்காக உள்ளே இருந்த க்ளென் ஷெர்லி எழுதியது. ஒரு பாதிரியார் மூலம் ஒலிநாடா கைக்கு வந்து, கச்சேரிக்கு முந்தின இரவுதான் கேஷ் அதைப் பாடிப் பழகினார். மறுநாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷெர்லியைக் காட்டி, ஊரறியப் பெயர் சொல்லிப் பாடினார். ஜென்கின்ஸுக்குக் கிடைக்காத மரியாதை இந்தக் கைதிக்குக் கிடைத்தது. 1971இல் ஷெர்லி விடுதலையானபோது கேஷே போய் அழைத்துவந்து, தன் குழுவில் வேலையும் கொடுத்தார். வெளி உலகம் ஷெர்லிக்கு ஒத்துவரவில்லை. குழுவிலிருந்து கழற்றிவிட வேண்டியதாயிற்று. 1978இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அடக்கச் செலவு கேஷுடையது.

சந்தேகம் தீராவிட்டால் கேஷின் பிற்காலக் கச்சேரிப் பதிவு எதையாவது தேடிக் கேளுங்கள். ரீனோ வரி வந்ததும் டிக்கெட் வாங்கி வந்த கனவான்களும் சீமாட்டிகளும் சரியாக அதே இடத்தில் 'ஹோ'வென்று கத்துவார்கள். இசைத்தட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டது. அந்தக் கூச்சலை யாரும் ஒட்டவில்லை.